இதயம் நின்ற நோயாளிக்கு மருந்து ஏற்றும் ஆயத்தம்: மலையகப் பிரதேச வைத்தியசாலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மலையகத்தின் ஒரு பிரதேச வைத்தியசாலையில் தாதிய உத்தியோகத்தராகப் பொறுப்பேற்று மூன்று கிழமை ஆவதற்குள், கொழுந்து ஏற்றும் லொறியின் பின்தட்டில் படுக்கவைத்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நாடி இல்லை. வைத்திய அதிகாரி நெஞ்சை அழுத்தத் தொடங்கியபோது அவசர ட்ரொலியின் மேல் இழுப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி பகல் கடமை முடித்தவரின் கைப்பையோடு வீட்டுக்குப் போயிருந்தது. பூட்டை உடைத்துப் பார்த்தால் அட்ரோபின் பெட்டி பெட்டியாக இருக்க, அட்ரினலின் அம்பியூல் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) இரண்டே இரண்டு இருந்தது. மூன்றாவது அம்பியூல் பிரசவ விடுதியிலிருந்து வந்து சேர எத்தனை நிமிடம் சென்றது என்பதை என்னால் இன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் சுவர்க் கடிகாரமும் நின்றிருந்தது. மருந்து நேரத்துக்குக் கிடைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இரவில் நாங்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி, முன்கூட்டியே ஒரு பிற்பகலைச் செலவிட்டிருந்தால் தவிர்த்திருக்கக் கூடியது.

கீழே சொல்லும் அளவுகள், குழந்தைக்கென்று தனியாகக் குறிப்பிட்ட இடங்கள் தவிர, வளர்ந்தவர்களுக்கானவை. ஐரோப்பிய புத்துயிர்ப்புச் சபையின் வழிகாட்டலைத் தழுவியவை. உங்கள் வைத்தியசாலையில் எழுத்திலான நடைமுறை இருந்தால் அதுவும், அந்த நேரத்தில் கட்டளையிடும் வைத்தியரின் சொல்லும்தான் முதன்மையானவை.

1. மருந்தின் இடம் எது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் எல்லோருமே, நானும்தான், ஊசி ஏற்றுவதே சிகிச்சை, நெஞ்சை அழுத்துவது அதுவரை நேரத்தைக் கடத்தும் வேலை என்று நினைத்துக்கொண்டு வருகிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. பிரித்தானியாவில் 8,014 பேரை உட்படுத்தி 2018 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், வைத்தியசாலைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் அட்ரினலின் பெற்றோரில் 3.2 சதவீதத்தினரும், வெறும் உப்புநீர் பெற்றோரில் 2.4 சதவீதத்தினரும் 30 நாட்களின் பின் உயிரோடு இருந்தார்கள். அதே ஆய்வில் பிழைத்தவர்களுள் கடுமையான நரம்பியல் பாதிப்போடு இருந்தோர் அட்ரினலின் பெற்ற பக்கத்தில் 31 சதவீதம், மற்றப் பக்கத்தில் 17.8 சதவீதம். அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத் தசைக்குப் போகும் இரத்த அழுத்தத்தைக் கூட்டுகிறது. இதயத்தை மீண்டும் துடிக்க வைக்க அது உதவுகிறது, ஆனால் மூளையைக் காப்பது நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, இடைவிடாமல் அழுத்தும் கைகள்தான்.

ஆகவே கனுலா (நாளத்தில் செருகும் மெல்லிய குழாய்) போடுவதற்காகவோ மருந்து கலப்பதற்காகவோ அழுத்துவதை ஒரு கணமும் நிறுத்தச் சொல்லாதீர்கள். ஷொக் (மின்னதிர்ச்சி) கொடுக்க வேண்டிய துடிப்பு என்றால் ஷொக் முதலில், மருந்து பின்னால்.

2. ட்ரொலியை நீங்களே எண்ணி நிரப்புங்கள்

பொறுப்பேற்ற முதல் கிழமையிலேயே இதைச் செய்துவிடுங்கள். முன்னவர் கையெழுத்திட்டு வைத்த பட்டியலை நம்பாமல் ஒவ்வொரு அம்பியூலையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். எத்தனை தேவை என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. அட்ரினலின் 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை 1 மில்லிகிராம் போகும். அரைமணி நேர முயற்சிக்கு 6 முதல் 10 அம்பியூல் செலவாகும். அதே இரவில் இரண்டாவது நோயாளி வரலாம், மறு விநியோகம் மழையில் தாமதமாகலாம் என்பதால் நான் 20க்குக் குறைய விடுவதில்லை.

ஷொக்குக்கும் அடங்காத துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் 150 மில்லிகிராம் அம்பியூலாக வருகிறது. ஒருவருக்கு முழு அளவு 300, பின்னர் 150, ஆக மூன்று அம்பியூல். ஆறு வைத்திருங்கள். கல்சியம் குளுக்கோனேற் 10 சதவீதம், 10 மில்லிலீற்றர் அம்பியூலில் ஆறு, மக்னீசியம் சல்பேற்று, 8.4 சதவீத சோடியம் பைகாபனேற்று, 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) ஆகியவையும் வேண்டும். இவற்றோடு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் போத்தல் ஒன்றை மறந்துவிடாதீர்கள், அது இல்லாமல் அமியோடரோனைக் கலக்க முடியாது.

இங்கே விழும் குழிகள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். அமியோடரோன் இல்லாத நேரத்தில் அதற்குப் பதிலாக லிக்னொகெயின் 100 மில்லிகிராம் கொடுக்கலாம், 2 சதவீதக் கரைசலில் அது 5 மில்லிலீற்றர். ஆனால் தையல் போடுவதற்கும் பல் பிடுங்குவதற்கும் அட்ரினலின் சேர்த்த லிக்னொகெயினும் அதே அலுமாரியில்தான் இருக்கும். கலப்பில்லாததை மட்டும் ட்ரொலியில் வைத்து, மற்றதை வேறு அறைக்கே அனுப்பிவிடுங்கள். கல்சியம் குளுக்கோனேற்றைப் பிரசவ விடுதியினர், வலிப்புக் கண்ட கர்ப்பிணிக்கு மக்னீசியம் ஏற்றும்போது அதற்கு முறிமருந்தாக வைத்திருக்க எடுத்துப் போவார்கள். அவர்கள் தேவை நியாயமானது. ஆகவே சண்டை பிடிக்காமல் அவர்களுக்கென்று தனியாகக் கோரி வாங்கிக் கொடுங்கள். அம்பியூலின் நிறத்தையும் லேபலின் நிறத்தையும் அடையாளமாகப் பழகாதீர்கள்: விநியோகிப்பவர் மாறினால் நிறமும் மாறும், சென்ற மாதம் அட்ரினலினுக்கு இருந்த நிறத்தில் இந்த மாதம் வேறொன்று வரும்.

இதயம் அசையாமல் நின்றுவிட்ட நிலையில் அட்ரோபினை வழக்கமாகக் கொடுப்பது 2010 ஆம் ஆண்டு வழிகாட்டலோடு கைவிடப்பட்டுவிட்டது. அதற்காக அதை வைத்தியசாலையை விட்டே அகற்றிவிட வேண்டாம். மரக்கறித் தோட்டங்கள் சூழ்ந்த பகுதியில் பூச்சிமருந்து குடித்தவர்கள் வருவார்கள். அவர்களுக்கு அட்ரோபின் 1.8 முதல் 3 மில்லிகிராமில் தொடங்கி, நுரையீரல் தெளியும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாக்கிக்கொண்டு போக வேண்டும். அம்பியூல் ஒன்று 0.6 மில்லிகிராம் என்று வைத்து, 1.8 இல் தொடங்கி நான்கு தடவை கொடுத்தாலே 45 அம்பியூல் தீர்ந்துவிடும். எனவே அட்ரோபினை ட்ரொலியிலிருந்து எடுத்து, தனிப் பெட்டியில், நச்சுக்கான மருந்து என்று பெரிதாக எழுதி வையுங்கள்.

குளிர் ஊர்தானே, மருந்துக்கு ஒன்றும் ஆகாது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். அட்ரினலினைக் கெடுப்பது வெப்பம் மட்டுமல்ல, வெளிச்சமும்தான். நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்திலும் யன்னலோரம் காலை வெயில் சுள்ளென்று விழும். அம்பியூலை அதன் அட்டைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். இளஞ்சிவப்பாகவோ மண்ணிறமாகவோ மாறியிருந்தால் திகதி மீதமிருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, அரச வைத்தியசாலையில் நோயாளியிடம் ஒரு சதமும் வாங்குவதில்லை, மருந்தும் கோரிக்கை அனுப்பினால் வந்துவிடும். என் கையிலிருந்து போனது ஒரு சுவர்க் கடிகாரம், பிரிப்புகள் உள்ள பிளாஸ்ரிக் பெட்டிகள், அளவுகளை எழுதி லமினேற் செய்த தாள் ஆகியவற்றுக்குத்தான், எல்லாம் சேர்த்து 3,000 ரூபாவைத் தாண்டவில்லை. பூட்டுக்குப் பதிலாகக் கையால் இழுத்தாலே அறுந்துவிடும் பிளாஸ்ரிக் முத்திரை ஒன்றைப் போட்டோம்: அறுந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று தெரியும், அவசரத்தில் சாவி தேட வேண்டியதில்லை.

3. அட்ரினலினின் இரண்டு எண்களைக் கனவிலும் குழப்பாதீர்கள்

1:1000 என்றால் 1 மில்லிலீற்றரில் 1 மில்லிகிராம். 1:10,000 என்றால் 10 மில்லிலீற்றரில் 1 மில்லிகிராம். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதலாவது. அதன் ஓர் அம்பியூலை 9 மில்லிலீற்றர் சேலைனோடு (உப்புநீரோடு) சேர்த்தால் இரண்டாவது கிடைக்கும். இதயம் நின்றவருக்கு நாளத்தினூடாக 1 மில்லிகிராம் முழுவதும் போகும்.

குளவி கொட்டி வருபவர்களுக்கு இதே மருந்து வேறு விதமாகக் கொடுக்கப்படுகிறது, புதியவர்கள் மிகவும் ஆபத்தான தவறைச் செய்வதும் இங்கேதான். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது கூடு கலைந்து, ஏழெட்டுப் பேர் ஒரே வாகனத்தில் வருவார்கள். அவர்களுள் மூச்சுத் திணறி, உதடு வீங்கி, அழுத்தம் விழுந்து, ஆனால் நாடி உள்ளவருக்கு 1:1000 அட்ரினலினில் 0.5 மில்லிலீற்றரைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் மீண்டும் போடலாம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 0.3, அதற்குக் குறைந்த வயதுக் குழந்தைக்கு 0.15. நாடி உள்ள அந்த மனிதருக்கு முழு 1 மில்லிகிராமை நாளத்தில் தள்ளினால், ஓடிக்கொண்டிருக்கும் இதயத்தை நாமே நிறுத்திவிடக் கூடும். நாங்கள் இரண்டு பெட்டிகளின் மேல் இரண்டு வரிகள் எழுதி ஒட்டியிருக்கிறோம்: ‘நாடி உண்டு: தசை, அரை’ என்று ஒன்றில், ‘நாடி இல்லை: நாளம், ஒன்று’ என்று மற்றதில். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எழுதியது போல் இருக்கிறது என்று ஒருவர் சிரித்தார். இரவு இரண்டு மணிக்கு எல்லோருமே பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான்.

குழந்தைக்கு இதயம் நின்றால் அட்ரினலின் அளவு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 1:10,000 கரைசலில் கிலோவுக்கு 0.1 மில்லிலீற்றர். அமியோடரோன் கிலோவுக்கு 5 மில்லிகிராம்.

4. வழியைத் திறந்து, மருந்தை உள்ளே தள்ளிவிடுங்கள்

முழங்கை மடிப்பில் பெரிய கனுலா போதும். புறங்கையில் போட்ட சிறிய கனுலாவில் ஏற்றும் மருந்து, இரத்தம் ஓடாத உடலில், கையிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு மருந்துக்குப் பிறகும் 20 மில்லிலீற்றர் சேலைனைத் தள்ளி, கையை 10 முதல் 20 விநாடி உயர்த்திப் பிடியுங்கள். இதைச் செய்யாமல் விடுவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். சேலைன் நிரப்பிய 20 மில்லிலீற்றர் சிரிஞ்சுகள் நான்கைந்தை வரிசையாக வைத்துக்கொண்டால் மறக்காது.

நாளம் கிடைக்கவில்லையென்றால் முழங்காலுக்குக் கீழே காலெலும்பின் உட்புறத்தில் எலும்பு ஊசியைச் செலுத்தலாம், அளவுகள் மாறாது. அந்த ஊசி விலை கூடியது, எல்லாப் பிரதேச வைத்தியசாலைகளிலும் இருக்காது; உங்களிடம் உண்டா என்பதை முதல் கிழமையிலேயே விசாரித்து, இல்லையென்றால் எழுத்தில் கோருங்கள். மூச்சுக்குழாய்க்குள் அட்ரினலினை ஊற்றும் பழைய வழக்கம் இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை.

5. ஒருவரைக் கடிகாரத்தோடு மட்டும் நிறுத்துங்கள்

ஆட்கள் குறைந்த இரவில் இது வீண் ஏற்பாடு போலத் தோன்றும். என் அனுபவத்தில், நான்காவது ஆளாகக் கிடைப்பவர் சிற்றூழியராக இருந்தாலும் அவரிடம் பேனாவையும் தாளையும் கொடுத்துச் சுவரோரம் நிறுத்துவதே மிகப் பெரிய உதவி. இரண்டு நிமிடம் ஆனதும் அவர் உரக்கச் சொல்ல வேண்டும். எந்த மருந்து எத்தனையாவது தடவை என்று எழுத வேண்டும். வேறெதற்கும் அவரை அழைக்கக் கூடாது.

ஒழுங்கு இரண்டு வகைப்படும். திரையில் கோடு தட்டையாக இருந்தாலோ, துடிப்புத் தெரிந்தும் நாடி இல்லாமல் இருந்தாலோ, ஷொக் பயன்படாது. அட்ரினலினை இயன்ற அளவு விரைவாகக் கொடுத்து, 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை தொடர வேண்டும். கோடு ஒழுங்கின்றி நடுங்கினாலோ, நாடியில்லாமல் அகன்ற அலைகளாக வேகமாக ஓடினாலோ, ஷொக் கொடுத்து இரண்டு நிமிடம் அழுத்தி, மீண்டும் ஷொக், மீண்டும் இரண்டு நிமிடம், மூன்றாவது ஷொக்குக்குப் பிறகு அழுத்திக்கொண்டிருக்கும்போதே அட்ரினலின் 1 மில்லிகிராமும் அமியோடரோன் 300 மில்லிகிராமும் ஏற்ற வேண்டும். ஐந்தாவது ஷொக்குக்குப் பிறகும் அதே துடிப்பென்றால் அமியோடரோன் 150. அமெரிக்க வழிகாட்டலில் படித்து வந்தவர்கள் அட்ரினலினைச் சற்று முன்னதாகவே கேட்பார்கள். எந்த ஒழுங்கைப் பின்பற்றுவது என்பதை உங்கள் வைத்தியரோடு பகலிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள், நோயாளியின் மேல் நின்று வாதாட வேண்டாம்.

அமியோடரோனைச் சேலைனில் கலக்கக் கூடாது. இரண்டு அம்பியூலில் 6 மில்லிலீற்றர், அதோடு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 14 மில்லிலீற்றர், ஆக 20. அம்பியூலை வேகமாக இழுத்தால் நுரைக்கும், ஆகவே மூன்றாவது ஷொக்குக்காகக் காத்திராமல் இரண்டாவது முடிந்ததுமே கலக்கத் தொடங்குங்கள்.

6. காரணம் தெரிந்தால்தான் மற்ற மருந்துகளைத் தொடுங்கள்

பைகாபனேற்றை எல்லோருக்கும் கடைசியாக ஒரு போத்தல் ஏற்றிப் பார்க்கும் பழக்கம் சில மூத்தவர்களிடம் இன்னும் இருக்கிறது. அது வழக்கமான மருந்து அல்ல. இரத்தத்தில் பொற்றாசியம் கூடியவருக்கும், சில வகை மனச்சோர்வு மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியவருக்கும் 8.4 சதவீதத்தில் 50 மில்லிலீற்றர் கொடுக்கலாம். கல்சியம் ஏற்றிய அதே குழாயில் கழுவாமல் பைகாபனேற்றை ஏற்றினால் சுண்ணாம்பு போலப் படிந்து வழி அடைபடும். அட்ரினலினையும் அது செயலிழக்கச் செய்யும். ஒவ்வொன்றுக்கும் இடையில் சேலைன்.

சிறுநீரகம் பழுதாகி இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வருபவரின் இதயம் நின்றால் முதலில் பொற்றாசியத்தை நினையுங்கள். 10 சதவீத கல்சியம் குளுக்கோனேற் 30 மில்லிலீற்றர், பின்னர் 10 அலகு இன்சுலினோடு 25 கிராம் குளுக்கோஸ், அதாவது 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 50 மில்லிலீற்றர். திரையில் அலை முறுக்கேறிச் சுழலும் வகைத் துடிப்புக்கு மக்னீசியம் 2 கிராம். விரல் குத்தி இரத்தச் சர்க்கரை பார்ப்பதை எவருக்கும் விட்டுவிடாதீர்கள்.

குளிர்காலத்தில் இரவெல்லாம் வெளியே கிடந்து, உடல் சில்லிட்டு வருபவரும் உண்டு. உடல் வெப்பம் 30 பாகை செல்சியசுக்குக் கீழே என்றால் மருந்துகளை நிறுத்திவைத்து, அழுத்திக்கொண்டே சூடேற்ற வேண்டும். 30 முதல் 35 வரை என்றால் அட்ரினலினின் இடைவெளியை இரட்டிப்பாக்க வேண்டும். சாதாரணக் காய்ச்சல் மானி இவ்வளவு தாழ்ந்த வெப்பத்தைக் காட்டாது. தாழ்வெப்ப மானி ஒன்று தேவை.

7. நாடி திரும்பினால் பாதையைப் பற்றி யோசியுங்கள்

இதயம் நின்றிருக்கும்போதே நோயாளியை ஏற்றிக்கொண்டு போகும் ஆசை உறவினருக்கும் வரும், நமக்கும் வரும். ரம்பொடை வளைவுகளில் ஓடும் அம்புலன்சில் எவராலும் ஒழுங்காக அழுத்த முடியாது. செய்ய வேண்டியதை இங்கேயே செய்து, நாடி நிலைத்த பிறகு அனுப்புங்கள். நுவரெலியாவோ பதுளையோ டிக்கோயாவோ கண்டியோ, ஏற்கும் வைத்தியசாலைக்கு முதலில் தொலைபேசியில் சொல்லி, யார் ஏற்றார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நுவரெலியாவிலிருந்து கண்டி 75 கிலோமீற்றருக்கு மேல். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடியிருக்கிறதா என்று சாரதியிடம் கேட்பதும் உங்கள் வேலைதான். 1990 இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமானது; ஊரில் உள்ளவர்களுக்கும் தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் அந்த இலக்கத்தைச் சொல்லி வையுங்கள்.

இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 100க்குக் கீழே விழவிடாமலும், இரத்தத்தின் ஒட்சிசனை 94 முதல் 98 சதவீதம் வரையிலும் வைத்திருக்க வேண்டும். பத்து அட்ரினலின் அம்பியூல், கலந்து லேபல் ஒட்டிய ஒரு சிரிஞ்ச், நிரம்பிய சிலிண்டர், மருந்து ஏற்றும் பம்பின் மின்கலம் நிரம்பியிருக்கிறதா என்ற பார்வை: இவை இல்லாமல் கதவை மூடாதீர்கள்.

8. எழுத்தில் வையுங்கள்

முதல் இரவில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம், எத்தனை அட்ரினலின் கொடுத்தோம் என்பதற்கு நான்கு பதில்கள் இருந்தன. கடிகாரம் பிடித்தவரின் தாளை வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் நோயாளியின் கட்டில் அட்டையில் எழுதிவிடுங்கள்: வந்த நேரம், கடைசியாக உணர்வோடு இருந்ததைப் பார்த்தவர், முதலில் கண்ட துடிப்பு, ஒவ்வொரு ஷொக்கும் மருந்தும் அளவும் நேரமும், நாடி திரும்பிய அல்லது முயற்சியை நிறுத்திய நேரம், நிறுத்தச் சொன்ன வைத்தியரின் கையெழுத்து. ஈ.சீ.ஜி. தாளின் மை மங்கிவிடும் என்பதால் பிரதி எடுத்து இணையுங்கள்.

இது வெறும் சடங்கு அல்ல. காரணம் தெளிவில்லாத மரணம் திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் போகும்போது உங்கள் தாள்தான் கேட்கப்படும். வேலை நேரத்தில் குளவி கொட்டி இறந்த தொழிலாளியின் குடும்பம் நட்டஈடு கோரும்போது, எந்த மலையில், எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்தார்கள் என்று நீங்கள் எழுதிய இரண்டு வரிகளுக்கு இருக்கும் பெறுமதி, நீங்கள் ஏற்றிய எந்த ஊசிக்கும் இருக்காது.

உறவினரிடம் பேசும்போது, மாரடைப்பும் இதயம் நின்றதும் ஒன்றல்ல என்பதை எளிய தமிழில் சொல்லுங்கள். அட்டை முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கும், கடமையில் இருக்கும் வைத்தியருக்குத் தமிழ் வராமலும் இருக்கலாம், ஆகவே அந்தப் பொறுப்பு பெரும்பாலும் உங்களிடம்தான் வரும். “மிஸ், ஊசி போட்டீங்களா மிஸ்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். போட்டோம், இத்தனை தடவை, இத்தனை மணிக்கு என்று சொல்ல உங்களால் முடிய வேண்டும்.

அதன் பிறகு, கை கழுவி, தேநீர் குடிக்கப் போகும் முன்னரே ட்ரொலியை நிரப்புங்கள். செலவான அம்பியூல்களின் எண்ணிக்கையைக் கோரிக்கைப் புத்தகத்தில் எழுதி, மருந்தாளர் காலையில் வந்ததும் கையெழுத்து வாங்கி, புதிய முத்திரையைப் போட்டு, அதன் இலக்கத்தைக் கடமை மாற்றப் பதிவில் குறித்துவிடுங்கள்.